சுவிஸை விட்டுப் போக வசதியாச் சுவிஸ்காரன் ஆகப் பார்த்தன்

மைக் பிடிச்சுப் பிழைக்கிற தொழிலில முதல் பாடம், சனம் எதைக் கேட்க வந்திருக்கெண்டு தெரிஞ்சுகொண்டே சனத்தைச் சாப்பாட்டுக்கு எழுப்பி விடுமட்டும் அதைச் சொல்லாமல் இழுக்கிறது.

நீங்கள் என்ன கேட்க வந்திருக்கிறியள் எண்டும் எனக்குத் தெரியும். "குடியுரிமைக்கு நேர்முகமாம், சீஸில ஏன் ஓட்டை எண்டு கேட்டிருப்பாங்கள், இந்தாள் பேய் மறுமொழி சொல்லியிருக்கும்." அதுதானே? இல்லை. சீஸைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடேல்லை. மலையின்ர உயரம் கேட்கேல்லை. பஸ்ஸுக்குள்ள இருந்து நான் பாடமாக்கின சுவிஸ் அரசாங்கத்தின்ர ஏழு மந்திரிமாரும் என்ர தொண்டைக்குள்ளயே இருந்து செத்துப்போச்சினம்.

நான் ஆர் எண்டு முதல் சொல்லுறன். கிழமை நாளில சூரிச்சுக்குப் பக்கத்தில டீட்டிகோனில, தபால் பொதியள் வாற ஒரு பாசல் டிப்போவில இரவு வேலையில பெட்டி பிரிக்கிறவன். வெள்ளி பின்னேரம் கோட்டைப் போட்டால் அறிவிப்பாளர். லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, டொரொன்டோ எண்டு எங்கட சனம் எங்க கலியாணம் வைச்சாலும், பெரியபிள்ளையான பெட்டைக்குச் சாமத்தியவீடு வைச்சாலும், மேடையில நிண்டு பெண் மாப்பிள்ளையை அழைக்கிறது நான். இடையில ஐயரைப் போல, மாமியாரைப் போல, ரயில் அறிவிப்புப் போலக் கதைச்சுச் சிரிக்கப் பண்ணுறதும் நான்தான். வீசாவுக்கு லைனில நிண்டு கால் வீங்கின என்ர சகோதரங்களே, இது உங்களுக்குத்தான்.

இரண்டு வரிசை

என்ர மனுசி வதனியும் மகள் ஆரணியும் எப்பவோ சிவப்புப் பாஸ்போர்ட் எடுத்திட்டினம். குடும்பமா நேர்முகத்துக்கு வரச் சொன்ன நாளில நான் ஒஸ்லோவில ஒரு சாமத்தியவீட்டில மைக்கோட நிண்டனான். அதால அவை சுவிஸ், நான் இன்னும் இலங்கை. லண்டனில போய் இறங்கினால் அவை ரெண்டு பேரும் கண்ணாடிக் கதவில பாஸ்போர்ட்டை வைக்க, கதவு தானாத் திறக்கும். எனக்கு மற்றப் பக்கத்தில, ஆட்டுப்பட்டி போலக் கயிறு கட்டின வரிசை.

போன கோடைக்கு அந்த வரிசை முடிவில இருந்த அதிகாரி கேட்டார், "என்ன தொழில்?"

"பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேடைக்குக் கூப்பிடுறது."

"கூப்பிடாட்டி அவை வரமாட்டினமோ?"

இதை இவ்வளவு காலமும் நான் யோசிக்கேல்லை. "எங்க, ஒருக்காக் கூப்பிட்டுக் காட்டுங்கோ" எண்டார். அந்த நேரம் பார்த்து மேல ஸ்பீக்கரில ஒரு பொம்பிளை ஏதோ சொல்லி முடிச்சா. என்ர வாய் சும்மா இருக்குமோ? அவவின்ர குரலிலயே, "டிங் டோங், வரிசையில நிக்கிற பயணிகள் தயவுசெய்து அடுத்த கவுண்டருக்குப் போகவும்" எண்டு இங்கிலீசில விட்டன். திரும்பிப் பார்க்கிறன், எனக்குப் பின்னால நிண்ட அவ்வளவு சனமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கால போகுது. அதிகாரி சிரிச்சாரோ, கோபிச்சாரோ, இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை. முத்திரை மட்டும் விழுந்திது. வெளிய வர ஆரணி சொன்னாள், "அப்பா, நாங்கள் கோப்பி குடிச்சு, கேக் திண்டு, அம்மா ஒரு நித்திரையும் கொண்டு எழும்பிட்டா."

மைக் கைமாறின நாள்

சிரிப்போட போயிருந்தால் நான் விண்ணப்பமே போட்டிருக்கமாட்டன். டொரொன்டோவில எங்கட கூட்டாளியின்ர மூத்த பெட்டைக்குக் கலியாணம். நான்தான் மைக் எண்டு கலியாண அழைப்பிதழிலயும் அடிச்சாச்சு. வீசா கையில வந்தது, பெட்டை தேன்நிலவுக்குப் போனாப்பிறகு. எனக்குப் பதிலாப் பிடிச்சவன் மாப்பிள்ளையின்ர பேரைச் சொல்லி மாமனாரை மணவறைக்கு அழைச்சிருக்கிறான். அப்பிடியிருந்தும் அடுத்த கலியாணத்துக்கும் அவனைத்தான் சொல்லி வைச்சிருக்கினம். அந்த வீட்டில இன்னும் மூண்டு பெட்டையள்!

கூட்டாளிக்குப் போனைப் போட்டுக் கத்தினன். "மாமனாரை மணவறையில ஏத்தினவனைத் திருப்பியும் கூப்பிடுறியோ?" அவன் ஆறுதலாச் சொன்னான், "மச்சான், அவன் பிழையாக் கூப்பிட்டாலும் வந்து நிண்டு கூப்பிடுறான்."

ஆருக்குப் பாஸ்?

அதோட சிவப்புப் பாஸ்போர்ட் இல்லாட்டி என்ர மைக் போச்செண்டு விளங்கிச்சு. முதல் மொழிப் பரீட்சை. ஜெர்மன் எழுதத்தான் எனக்கு வராது, கதைக்கப் பயமில்லை. பிழை அங்கதான். நான் ஜெர்மனைப் புத்தகத்தில படிக்கேல்லை, ஆக்களிட்டப் படிச்சனான். டாவோஸில கோட்டல் குசினியில கோப்பை கழுவேக்க தலைமைச் சமையல்காரன் கத்தினது, ஷாஃப்ஹவுசனில முதல் இருந்த வீட்டுக்காரக் கிழவர் மூக்கால கதைச்சது, டிப்போவில அல்பேனியன் மேற்பார்வையாளர் அவசரத்தில துப்பினது. இந்த மூண்டு பேரும்தான் என்ர ஜெர்மன்.

பரீட்சை வைச்ச அம்மா, "நான் பேக்கரிக்காரி, நீங்கள் பாண் வாங்க வாறீங்கள்" எண்டா. பாண் கேட்கேக்க நான் ஷாஃப்ஹவுசன் கிழவர். "முடிஞ்சுபோச்சு" எண்டு அவ சொன்ன உடன எனக்குள்ள டாவோஸ் குசினி கிளம்பீட்டுது. "முடிஞ்சதோ? விடியக் காலமை பாண் முடிஞ்சால் சனம் கல்லையோ தின்னுறது?" மேசையில தட்டிப்போட்டன். அவ கதிரையைப் பின்னுக்கு இழுத்தா. நான் பயந்துபோய் அல்பேனியன் குரலில மன்னிப்புக் கேட்டன். அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, திருப்பிப் போட்டு, என்னைப் பார்த்துச் சொன்னா, "பாஸ்தான். ஆனா உங்களில ஆருக்குப் பாஸ் போட்டனான் எண்டு எனக்குத் தெரியேல்லை."

ரோல்ஸ் தட்டம்

அடுத்தது, ஊரில என்னை நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆள் கையெழுத்து வைக்கோணும். நாங்கள் இருக்கிறது டீட்டிகோனுக்குப் பக்கத்தில ஒரு சின்ன ஊர், பேர் சொல்லமாட்டன், எனக்கு இன்னும் அங்கதான் வீடு. என்னை நல்லாத் தெரிஞ்சது ஆர் எண்டு யோசிச்சன். விமான நிலையத்தில பெட்டி நிறுக்கிற பெட்டை. கோப்பிக் கடைக்காரன். ரெண்டு பேரும் எங்கட ஊர் இல்லை.

"கீழ்மாடி ஃப்ராவ் ஹூபரிட்டக் கேளுங்கோ" எண்டாள் வதனி. "தங்கமான மனுசி." ஃப்ராவ் எண்டால் இஞ்ச திருமதி. உண்மைதான், எங்கட பிளாக்கில எல்லாருமே தங்கம். பனி கொட்டினால் வதனியின்ர கார்க் கண்ணாடியை ஆரோ சுரண்டி விட்டிருக்கும். நத்தார் பண்டிகைக்கு வாசலில கேக் இருக்கும். அரிசி மூட்டையை நாலாம் மாடிப் பொடியன் தூக்கிக்கொண்டு வந்து வைப்பான். மற்ற வீட்டாருக்கு வணக்கம் சொல்லவே காசு கேட்கிற சனம், எங்களில மட்டும் ஏன் இவ்வளவு அன்பு? எனக்கு அது விளங்கவே இல்லை.

எங்கட வழக்கம் வெறுங்கையோட போய் உதவி கேட்கிறதில்லை. வதனி சுட்ட ரோல்ஸ் பலகாரத்தை ஒரு தட்டத்தில அடுக்கி, மேல ஈயத்தாள் மூடி, வேலை முடிஞ்சு வந்த கோலத்திலயே போய் மணி அடிச்சன். கையில தட்டம், கக்கத்தில பத்திரம், உடம்பில பாசல் டிப்போ ஜாக்கெட். உள்ளுக்க ஏதோ அடிப்பிடிச்சு மணந்தது. ஃப்ராவ் ஹூபர் கதவைத் திறந்து, தட்டத்தை வாங்கி, ஈயத்தாளைத் தூக்கிப் பார்த்து, "ஓ, வதனியிட்ட இருந்து!" எண்டா. நான் தொண்டையைச் செருமி, "அம்மா, நான் உங்களிட்ட ஒரு உதவி..." எண்டு தொடங்க முதல், அவ என்ர பேனையைப் பறிச்சுக்கொண்டு கேட்டா, "கெதியாச் சொல்லுங்கோ, கையெழுத்து எங்க போடோணும்?"

சொந்த ஊரில சுற்றுலா

சுவிஸ்காரர் ஒரு குப்பைப் பைக்கே ரெண்டுதரம் வாசிச்சுக் கையெழுத்து வைக்கிற ஆக்கள். இவ வாசிக்காமலே போட்டிட்டா. என்னில அவ்வளவு நம்பிக்கையாக்கும் எண்டு நினைச்சு நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சன். வதனிதான் விடேல்லை. "ஊரைப் பற்றிக் கேட்பினம். உங்களுக்கு என்ன தெரியும்?" எண்டு ஒரு சனிக்கிழமை என்னை வெளிய கூட்டிக்கொண்டு போனாள். நான் சுவிஸில நிண்ட சனிக்கிழமையே அபூர்வம்.

முன்னால அவள், பின்னால நான். "உதுதான் பழைய தண்ணித் தொட்டி. உது பள்ளிக்கூடம், ஆரணி படிச்சது." "மெய்யே? இவ்வளவு பெரிசோ?" "உந்த மூலையில பழைய மட்டைப் பெட்டி போடுறது. கட்டித்தான் போடோணும்." நான் எல்லாத்தையும் போட்டோ எடுத்தன், பாடமாக்க. தண்ணித் தொட்டிக்கு முன்னால நிண்டு ஒரு செல்ஃபியும். நாய் கொண்டு போன ஒரு கிழவி நிண்டு வதனிக்குப் பேர் சொல்லி வணக்கம் வைச்சா. பிறகு என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லா நிறுத்தி, இங்கிலீசில கேட்டா, "எங்கட ஊர் பிடிச்சிருக்கோ? எத்தினை நாள் நிக்கிறீங்கள்?"

இடப்பக்க ஜன்னல்

நேர்முகம் ஊர் மண்டபத்தில. நீட்டு மேசைக்கு அங்கால குடியுரிமைக் குழுவில அஞ்சு பேர், இஞ்சால நான். தலைவர் மீசை வைச்ச தச்சுவேலைக்காரர், பக்கத்தில ஒரு பள்ளிக்கூட ரீச்சர் அம்மா. நான் ஏழு மந்திரிமாரையும் வரிசையில நிப்பாட்டி வைச்சுக்கொண்டு காத்திருக்கிறன்.

"ஞாயிற்றுக்கிழமையில என்ன செய்வீங்கள்?" எண்டார் தலைவர்.

"பாரிஸில நிப்பன்."

"சனிக்கிழமை?"

"லண்டனில."

"ஊர்த் திருவிழாவுக்குப் போயிருப்பீங்கள்?"

"ஓம்" எண்டு அவசரத்தில சொல்லிப்போட்டன், அவர் "எது?" எண்டு கேட்க, எனக்கு ஒஸ்லோக் கோயில் தேர்தான் கண்ணில வந்தது. நான் தேர் எண்டன். அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தினம், இந்த ஊரில எப்ப தேர் ஓடினதெண்டு. நானும் அவையைப் பார்த்தன்.

தலைவர் பேனையை வைச்சார். "நேராக் கேட்கிறன். ஏன் சுவிஸ் ஆக விரும்புறீங்கள்?" இதுக்கு வதனி எழுதித் தந்த வடிவான மறுமொழி இருந்தது. வாயில வந்தது வேற. "வெளிநாட்டுக்குப் போய் வரச் சுகம்." "அப்ப, சுவிஸை விட்டுப் போறதுக்காகச் சுவிஸ் ஆகிறீங்கள்?" "ஓம்... இல்லை... திரும்பியும் வருவன்தானே!" ரீச்சர் அம்மாவுக்கு என்னில இரக்கம் வந்திட்டுது. "சரி, எங்கட ஊரில உங்களுக்குப் பிடிச்சது என்ன?" எண்டா. இது சுகமான கேள்வி. "மேலயிருந்து பார்த்தால் ஆறு, ரயில் பாதை, தேவாலயக் கோபுரம் எல்லாம் சேர்ந்து நல்ல வடிவு. இடப்பக்க ஜன்னல் சீட் எடுக்கோணும்" எண்டன். அவ மெதுவாக் கேட்டா, "கீழயிருந்து எப்பவாவது பார்த்திருக்கிறீங்களோ?"

தண்ணி கொண்டு வந்த அம்மா

மேடை கவிழேக்க மைக் பிடிக்கிறவன் என்ன செய்வான்? ஆக்களைப் போலச் செய்து காட்டுவான். "இந்த ஊர் என்ர காதுக்குள்ள இருக்கு" எண்டு சொல்லிப்போட்டு எழும்பினன். எங்கட ஊர் பஸ் கதவு மூச்சு விடுறதைச் செய்தன். ஸ்டேஷன் அறிவிப்புப் பொம்பிளை தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறதைச் செய்தன். காசு எடுக்கிற மெசின் காசு இல்லையெண்டு முனகிறதைச் செய்தன். மீசைக்காரர் முதல் சிரிச்சார், பிறகு அஞ்சு பேரும். ரீச்சர் அம்மா கண்ணைத் துடைச்சா. சகோதரங்களே, சிரிச்ச சபை எங்கட கைக்குள்ள எண்டு இந்தத் தொழிலில எல்லாருக்கும் தெரியும். டொரொன்டோக் கூட்டாளியின்ர மூண்டு பெட்டையளும் வரிசையா மணவறைக்கு நடந்து வாறது எனக்குத் தெரியுது.

தலைவர் பத்திரத்தைப் பிரட்டினார். "பரவாயில்லை, ஊரில உங்களைத் தெரிஞ்ச ஆள் இருக்கிறா. ஃப்ராவ் ஹூபர்." "தெரிஞ்சவவோ? எங்கட குடும்பத்தில ஒரு ஆள் மாதிரி!" எண்டு நான் அடிச்சு விட, கதவு திறந்து தண்ணிப் போத்தலும் கிளாசுமாய் ஒரு அம்மா உள்ளுக்கு வந்தா. பார்த்தால் ஃப்ராவ் ஹூபர். அவ இந்த மண்டபத்தில வேலை எண்டு எனக்கு அப்பதான் தெரியும். அவ என்னைப் பார்த்து, கொஞ்சம் யோசிச்சு, முகம் மலர்ந்து, "அட, தட்டம் கொண்டு வந்த பாசல்காரர்!" எண்டா.

"இவர் வதனியின்ர மனுசன்" எண்டார் தலைவர். ஃப்ராவ் ஹூபர் போத்தலை மேசையில வைச்சா. வைச்ச கையை எடுக்கேல்லை. "மனுசனோ? வதனிக்கு மனுசன் இருக்கோ? ஆண்டவரே, இவ்வளவு காலமும் நாங்கள் அந்தப் பிளாக் முழுக்க அவ விதவை எண்டு நினைச்செல்லோ பனி வழிச்சு விட்டனாங்கள்!"

விண்ணப்பத்தை அடுத்த வருசத்துக்குத் தள்ளி வைச்சிட்டினம், அதால இப்ப சனிக்கிழமையில நான் மைக் பிடிக்கிறேல்லை, மட்டைப் பெட்டியைக் கட்டித் தோளில வைச்சுக்கொண்டு ஊரை ஒரு சுத்துச் சுத்தி மெதுவா நடக்கிறன், நான் செத்துப்போகேல்லை எண்டதுக்கு நாலு பேர் சாட்சி வேணுமெல்லோ.