மெட்டி போட்ட துரைசாணி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், சினிமாக் கொட்டகை இருந்த தெருப்பக்கமே அப்பா எங்களை விட்டதில்லை. கோயிலுக்குப் போகிற பெண்கள் நாங்கள், சினிமா பார்த்தால் கெட்டுப்போய்விடுவோமாம். சரிதான் போங்கள் என்று நானும் அக்காவும் வீட்டிலேயே ஒரு படம் எடுத்தோம்.

யோசனை தந்தது பிரான்சிலிருந்து வந்த ஒரு சோப்புப் பெட்டி. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு குட்டிப் புத்தகம்; கட்டைவிரலால் விர்ரென்று புரட்டினால் அதிலிருந்த பையன் கயிறு தாண்டிக் குதித்தான். அக்காவுக்கு அன்றே பித்துப் பிடித்துவிட்டது. "நம்ம இஸ்கோலு துரைசாணிய நடக்க வுடலாண்டி" என்றாள்.

துரைசாணி என்று அவள் சொன்னது, எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தொங்கிய பழைய ஓவியத்தை. பிரான்சில் ராஜா இருந்த காலத்து வெள்ளைக்காரச் சீமாட்டியாம். சட்டத்துக்குள் இடுப்புவரை மட்டும் தெரிய நின்று எங்களை முறைத்துக்கொண்டே இருப்பாள். கல்யாணம் நிச்சயமாகி அக்காவின் படிப்பு நின்றிருந்ததால், பார்த்துவருவது என் வேலை. விசிறி எந்தக் கையில், சுருட்டை முடி எந்தத் தோளில் என்று பார்த்துவந்து ஒப்பிப்பேன். அக்கா மெல்லிய தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, முந்தின படத்தின் மேலேயே அடுத்ததை இம்மி நகர்த்தி வரைவாள். தாள்களை அடுக்கிப் புரட்டியதும் துரைசாணி திரும்பினாள், சிரித்தாள், விசிறினாள்.

அதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு சைகோனில் உத்தியோகம். கப்பல் வரும்வரை இருவரும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். படம் முடியாமலே அக்கா போய்விடக் கூடாதென்று நான் தினமும் அவளை ஜன்னலுக்கு இழுத்துப்போனேன்.

கடைசியில் துரைசாணி கவுனைத் தூக்கிக்கொண்டு சட்டத்தைத் தாண்டி வெளியே வந்து, தாளை விட்டே போய்விட வேண்டும். ஓவியத்திலோ காலே கிடையாது.

"க்கா, அவங்க காலு எப்டி இருக்கும்?"

"எனக்கென்னாடி தெரியும்? எல்லா துரைசாணியும் கவுனால தெருவக் கூட்டிக்கினு போறாளுங்க."

தன் காலைப் பார்த்தே வரைந்துவிட்டாள். வெறுங்கால், இரண்டாம் விரலில் புது மெட்டி.

"ஐயோ, துரைசாணி மெட்டி போடுவாளா?"

"கல்யாணம் ஆனவதான? போடாம எப்டி?"

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. அடுத்த வாரம் கடல்பாலத்தில், கப்பலுக்குப் போகும் படகில் ஏற அக்கா புடவையைச் சற்றுத் தூக்கினாள். அதே கால், அதே மெட்டி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீயே வச்சிக்கடி, வந்து பாத்துக்கறேன்" என்று, தைத்து முடித்த எங்கள் குட்டிப் புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைப் புரட்டினால் துரைசாணியும் போய்விடுவாள். கோபத்தில் பின்பக்கத்திலிருந்து புரட்டினேன். வெறும் தாளுக்குள் முதலில் மெட்டிக்கால் வந்தது. துரைசாணி பின்னுக்கு நடந்தே வந்து சட்டத்தைத் தாண்டி, தன் இடத்தில் நின்று என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அழுதேன்.

பிறகு யுத்தம் வந்து கப்பல் நின்றது. அக்கா வரவேயில்லை. அந்தப் புத்தகத்தை நான் முன்பக்கத்திலிருந்து புரட்டுவதே இல்லை.