கணவர் கையெழுத்து

மைக்கைக் கையில் வாங்கியதும் சூப்பிரண்டு மேடம் முதலில் செய்தது, அதைத் தன் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்ததுதான். எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறையில் மகளிர் தினப் பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. மற்ற வருடங்களில் சிக்கனமா ஆடம்பரமா என்று ஏதாவது தலைப்பு வைத்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள்தான் நாங்கள். அந்தச் சமயம் கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். டி.வி.யைப் போட்டால் அதே பேச்சு. எங்கள் சங்கச் செயலாளருக்கும் வேகம் வந்து, ‘கருக்கலைப்புக்கு அரசுப் பணம்: நியாயமா, அநியாயமா?’ என்று எழுதி ஒட்டிவிட்டார். அநியாயம் என்ற அணியை மேடம் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்ரீரங்கத்தில் கோயிலை ஒட்டியே வாழ்ந்த குடும்பம் அவருடையது. பெருமாளைச் சேவிக்காமல் அலுவலக பஸ்ஸில் கால் வைக்க மாட்டார்.

“ரோடு போடுங்கோ, பள்ளிக்கூடம் கட்டுங்கோ, என் வரிப்பணத்தைத் தாராளமா எடுத்துக்கோங்கோ. பொறக்கப்போற ஜீவனைத் தடுக்கறதுக்கு மட்டும் எடுக்காதீங்கோ!” என்று அவர் முடித்தபோது கைதட்டல் அடங்கவே இல்லை. எதிரே பேச வேண்டிய கணக்குப் பிரிவுத் தம்பி மைக்கைப் பிடித்தபடி வியர்த்தான். நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வழக்கம்போல யாருக்கும் நோகாமல் இரண்டு பக்கமும் சரி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பொன்னாடையோடு கிளம்பிப் போனார்.

நான் கைதட்டவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது என் வயிற்றில் மூன்றாவது. இரண்டாவது பிள்ளையை ஆபரேஷன் செய்து எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. குனிந்து நிமிர்ந்தால் தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுக்கும். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. லீவுக்கு வந்துவிட்டுப் போயிருந்தார். இந்த உடம்பு இன்னொன்றைத் தாங்காது என்று இருவருமாகப் போனில் பேசி முடிவு செய்தோம். முடிவில் எனக்குக் குழப்பமே இல்லை. குழப்பமெல்லாம் அரசு மருத்துவமனையில்தான் ஆரம்பித்தது. “வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம முடியாதுங்க. அவர் வெளிநாட்டுல இருந்தா மாமியாரைக் கூட்டிட்டு வாங்க” என்று அங்கிருந்த நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார். உப்பிலியபுரத்தில் இருக்கும் என் மாமியாருக்கு விஷயம் தெரிந்தால் ஊரையே கூட்டிவிடுவார். தில்லை நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்ன தொகையைக் கேட்டு, வந்த ஆட்டோவிலேயே பாலக்கரைக்கு வீடு திரும்பினேன். நாள் தள்ளிப்போகப் போகச் சிக்கல் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

பட்டிமன்றம் முடிந்து, கை கழுவும் இடத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து முதுகைத் தடவிவிட்டவர் மேடம்தான்.

“எத்தனை மாசம்மா?” என்றார் ஆசையாக.

கையைத் தட்டிவிட்டேன். “நீங்க இவ்வளவு நேரம் பேசினது என்னைப் பத்திதான் மேடம்.”

மேலதிகாரி என்றும் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் முகம் வாடிப்போனது. “எனக்கு இதுல சம்மதம் இல்லைம்மா. கேக்கறப்பவே மனசு கலங்கறது” என்றார். குழாயை மூடிவிட்டு, அலுவலகக் கோப்பில் தப்பைக் கண்டுபிடித்த குரலில், “ஆனா ஆம்படையான் கையெழுத்து வேணும்னு யார் சொன்னா? சட்டத்துல அப்படிக் கிடையாதே. பதினெட்டு முடிஞ்சவளுக்கு அவ சம்மதம் மட்டும் போதும். எதிர்த்துப் பேசணுமேன்னு வரி விடாமப் படிச்சேன். நாளைக்குக் காலம்பற நானும் வரேன்” என்றார்.

மறுநாள் காலை, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் பளிச்சென்று தெரிய, மருத்துவமனை வாசலில் எனக்கு முன்னால் வந்து நின்றார். அதே நர்ஸ்தான் இருந்தார். “நாளைக்கு இவங்க வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டா நாங்கதானேங்க வாங்கிக் கட்டிக்கணும்? ஒருத்தர் அடிக்கவே வந்துட்டாரு” என்றார். பாவமாகத்தான் இருந்தது. யாரும் போடாத உத்தரவு அது. ஒருவருக்கு வந்த பயம் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டிருந்தது. மேடம் குரலை உயர்த்தவில்லை. “சட்டம் உங்களைக் காப்பாத்தும்மா. சட்டம் கேக்காததை நீங்க கேட்டா, அப்பதான் மாட்டிப்பேள்” என்றார். பேச்சு கேட்டு உள்ளே இருந்து வந்த இளம் டாக்டர், “அவங்க சொல்றது சரிதான் சிஸ்டர்” என்று எங்களை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். “இது உங்க முடிவுதானா?” என்று டாக்டர் கேட்க ஆரம்பித்ததுமே மேடம் எழுந்து வெளியே போய்விட்டார். ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். என் பெயரை அவ்வளவு அழுத்தி நான் எங்குமே எழுதியதில்லை.

எல்லாம் முடிந்து வந்தபோது மேடம் வராந்தா பெஞ்சில் கண்ணை மூடி ஏதோ சுலோகம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். “யாருக்காக மேடம்?” என்று கேட்டேன். “உனக்காக. அதுக்காகவும்தான்” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அதற்காக அவர் மாறிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். ஓய்வுபெறும்வரை மதியச் சாப்பாட்டில் எங்களுக்குள் சண்டைதான். வசதியுள்ளவள் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துக்கொள்வாள், அரசு கையை விரித்தால் இல்லாதவள் கண்ட மாத்திரையைத் தின்று சாவாள், என் சம்பளத்திலும்தானே வரி பிடிக்கிறார்கள் என்பேன். அந்தப் பணத்தைப் பெற்று வளர்க்கிறவளுக்குக் கொடுக்கட்டுமே என்பார். அதையும் கொடுக்கட்டும் என்பேன். எனக்குத் தெரிந்து சட்டம் பேசியவர்கள் நிறையப் பேர். தனக்குப் பிடிக்காத சட்டத்துக்காக எனக்குத் துணை வந்தவர் இவர் ஒருவர்தான்.

போன மாதம் போன் செய்தார். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண், துணிக்கடையில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. “தனியாப் போகப் பயப்படறா. எனக்கும் முன்ன மாதிரி பேச மூச்சு இல்லை. நீயும் வாயேன்” என்றார். போனேன். அதே மருத்துவமனை. நர்ஸ் மட்டும் புதியவர். மேடம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தயாராவதற்குள், நர்ஸ் அந்தப் பெண்ணின் ஆதார் கார்டைப் பார்த்துவிட்டு, “உங்க கையெழுத்து மட்டும் போதும்ங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டோம், பயப்படாதீங்க. உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவாங்க” என்றார்.

மேடம் திறந்த வாயை மூடவில்லை. “ரெண்டு நாளா பாயின்ட் பாயின்ட்டா தயார் பண்ணிண்டு வந்தேனேம்மா” என்று என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். அதுவரை தலை நிமிராத அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

“நீங்க ரெண்டு பேரும் சொந்தமாங்க?”

“சொந்தமெல்லாம் இல்லைம்மா” என்று எனக்கு உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டே மேடம் சொன்னார். “இவ எதிரணி.”