அட்டைப்பெட்டி மாஸ்டரும் மனைவியின் இடது கன்னமும்

ஸ்டுடியோ விளக்கு ஒன்றின் விலையைக் கேட்டால் சாதாரண மனிதனுக்குத் தலை சுற்றும். படம் எடுத்துப் பிழைக்கும் அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தில் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கடை வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, நடுவில் பெரிய பல்பு மாட்டி, வாய்ப்பக்கம் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். துணியை ஓரம் அடித்துக் கொடுத்தவள் வீட்டிலேயே திரைச்சீலை தைக்கும் அவர் மனைவி. முதல் படத்துக்கு உட்கார்ந்தவளும் அவள்தான். படம் அருமையாக வந்தது. அன்றிலிருந்து அவர் அட்டைப்பெட்டி மாஸ்டர்.

வார நாட்களில் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் அடையாள அட்டைக்கு முகம் முகமாகப் படம் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக் கூடத்தில் சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டுப் போட்டோ வகுப்பு. கட்டணம் சினிமா டிக்கெட்டை விடக் குறைவு. அதுவும் இல்லாதவர்கள் ஒரு நல்ல அட்டைப்பெட்டி கொண்டு வந்தால் போதும். தரை துடைக்கும் கம்பை பெயிண்ட் டப்பாவில் நட்டு சிமெண்ட் ஊற்றினால் ஸ்டாண்ட். பால் பவுடர் டின்னின் அடியை வெட்டினால் வெளிச்சத்தைக் குறுக்கும் குழாய். தெர்மாகோல் பலகையைப் பிடித்தால் எதிர்ப்பக்கத்து இருட்டு இளகும். யாராவது, "இந்தச் சாமானை வச்சு எப்படி மாஸ்டர்?" என்று முனகினால், "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்பார். கூடமே கோணல்தான் என்று மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தபடி சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஸ்டூல் அவளுடையது. ஆறு வருஷமாக வகுப்புக்கு முகம் அவள்தான். காசு கொடுத்து ஆள் வைக்கிற வசதி ஏது? அவளும் தைத்த கையோடு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

மாஸ்டரின் முதல் பாடம் எப்போதும் ஒன்றே. "எல்லா முகத்துக்கும் ஒரு தாழ்ந்த பக்கம் உண்டு. அதைத் தேடிக் கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சதும் நிழலுக்குக் கொடுத்துடுங்க." மனைவியின் தாழ்ந்த பக்கம் இடது கன்னம் என்று ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்தார். அதற்கு முன் அவளுக்குத் தாழ்ந்த பக்கமே கிடையாது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவர் அவர். வயசாகிறது, முகம் இறங்கத்தானே செய்யும் என்று விளக்கை அவளுடைய வலப்பக்கம் கொண்டுபோய், அது நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்தார். நாலு மாதத்தில் டேப்பை இன்னும் கொஞ்சம் தள்ளி ஒட்டினார். பிறகு இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் படம் சரியாக வந்தது. அவள் ஒருநாள், "இந்தக் கன்னம் என்னமோ மரத்த மாதிரி இருக்குங்க" என்றாள். "முகத்தை இந்தப் பக்கம் திருப்பு, சரியாயிடும்" என்றார். திருப்பினாள். படத்தில் சரியாகிவிட்டது.

பிறகு ஒரு காலை, அவள் குடித்த டீ இடது வாயோரமாக ஒழுகிப் புடவையை நனைத்தது. இடது கண் முழுதாக மூடவும் மறுத்தது. அன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். "இது திடீர்னு வந்ததா, கொஞ்சம் கொஞ்சமா வந்ததா?"

"இன்னிக்குக் காலையிலதான் டாக்டர்," என்றார் மாஸ்டர்.

"பழைய போட்டோ இருந்தா அடுத்த தடவை கொண்டு வாங்க. எப்ப ஆரம்பிச்சுதுன்னு பார்க்கணும்."

போட்டோவுக்கா பஞ்சம்? ஸ்கேன் முடிவு வந்த அன்று, ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளையும் தேதிவாரியாக மூன்று ஆல்பத்தில் அடுக்கி எடுத்துப் போனார். இதிலாவது நாம் உபயோகமாக இருக்கிறோமே என்று அவருக்கு ஒரு சின்ன தைரியம்கூட இருந்தது. மனைவியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார்.

டாக்டரம்மா புரட்டினார். பழைய ஆல்பங்கள் இரண்டிலும் முகம் பளிச்சென்று, ஒழுங்காக இருந்தது. மூன்றாவதில் பாதிக்கு மேல் ஒவ்வொரு பக்கமாக நிறுத்திப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் இந்தப் பக்கம் இருட்டா இருக்கே?"

"அது வந்து, எல்லா முகத்துக்கும் ஒரு தாழ்ந்த பக்கம் உண்டு டாக்டர். அதைக் கண்டுபிடிச்சு நிழலுக்கு..." என்று வகுப்புக் குரலில் ஆரம்பித்தவரின் விரல், படத்தில் இருண்டு கிடந்த கன்னத்தின் மேல் போய் நின்றது.

டாக்டரம்மா ஆல்பத்தை மூடினார். "சரியா வராத படம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. ஒன்றே ஒன்று. வகுப்புக்கு ஒரு பஸ் டிரைவர் வந்துகொண்டிருந்தார். நாற்பது வயசு ஆள். இடதும் வலதும் ரோட்டில் மட்டும்தான் தெரியும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். டேப் ஒட்டிய இடத்தை விட்டுவிட்டு, அட்டைப்பெட்டி விளக்கை நேராக அவளுடைய இடது கன்னத்தில் அடித்துப் படம் எடுத்துவிட்டார். "அக்காவை இப்படிக் கோணலாக்கிட்டியேய்யா!" என்று வகுப்பே கேலி செய்தது. மாஸ்டர் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, குறுக்கே சிவப்பு மையில் பெருக்கல் குறி இட்டு, கீழே 'தவறு' என்று எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். தேதியும் போட்டிருந்தார். வருகிற எல்லோருக்கும் எப்படி எடுக்கக்கூடாது என்று அதைக் காட்டியே சொல்லிக்கொடுத்தார்.

வீட்டுக்கு ஓடிப்போய் அதை உரித்துக்கொண்டு வந்தார். டாக்டரம்மா ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். சிவப்புக் கோடுகளுக்கு நடுவே இடது வாயோரம் இறங்கியிருந்தது. இமை தளர்ந்திருந்தது. காதுக்கு முன்னால் பட்டாணி அளவு மேடு, வெளிச்சம் பட்டுத் தெளிவாகத் தெரிந்தது.

"பதினாலு மாசம்," என்றார். ஸ்கேனை எடுத்து வைத்தார். கட்டி முக நரம்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, கழுத்துக்கு இறங்கி நுரையீரல் வரை போயிருக்கிறது என்று விரலால் காட்டினார்.

"இந்தப் படம் எடுத்தப்பவே வந்திருந்தா?"

டாக்டரம்மா ஸ்கேனை உறைக்குள் போட்டார். "வலி இல்லாம பார்த்துக்கலாம்," என்றார்.

கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுவது என்பார்கள். இவர் விளக்கைத் தானே செய்து, அதை எங்கே பிடிக்க வேண்டும் என்று நாலு பேருக்குப் பாடமும் நடத்தி, அப்புறம் விழுந்தார். தான் மட்டும் விழுந்திருந்தால் தேவலை. எனக்கு அவர் மேல் எரிச்சல்தான் வருகிறது. வந்து என்ன, அந்த ஆள் பெஞ்சுக்கு எப்படி நடந்து வந்தார் என்று நினைத்தால் அதுவும் அடங்கிப் போகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். சேதி போய்ச் சேராத பஸ் டிரைவர் மட்டும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். மாஸ்டரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, உடம்பு சரியில்லை என்று அனுப்பினார்.

கூடத்தில் அவள் திரைச்சீலை மடித்துக்கொண்டிருந்தாள். மூடாத கண்ணுக்கு மேல் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். டாக்டர் சொன்னது, சுவரில் இருந்த படம், பதினாலு மாசம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். மறைக்கிற கெட்டிக்காரத்தனம் அவரிடம் மிச்சமில்லை.

"என்னைத் திட்டேன்மா. நாலு வார்த்தை நல்லா திட்டு."

"உங்களை எதுக்குத் திட்டணும்?" வாய் ஒரு பக்கம் ஒத்துழைக்காததால் வார்த்தைகள் மெதுவாக வந்தன. குரலில் குத்தல் இல்லை. "எனக்கு ஒரு வருஷமாவே கண்ணாடியில கோணலாத்தான் தெரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை உங்க படத்துல பார்த்தா நேரா இருப்பேன். சுவத்துல இருந்ததையும் பார்த்தேன். நீங்கதான் தப்புன்னு எழுதி ஒட்டியிருந்தீங்களே. கண்ணாடிதான் ரசம் போயிடுச்சு போலன்னு புதுசு ஒண்ணு வாங்கினேன்."

"அதுல?"

"அதுலயும் கோணல்தான்." மடித்த திரைச்சீலையைத் தட்டி நேராக்கி அடுக்கின் மேல் வைத்தாள். "கண்ணாடி பொய் சொல்லும். நீங்க சொல்வீங்களா?"