வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை

துறையில் அவருக்கு 'போஸ்டர்' என்று பெயர். எந்தச் சுவரோரம் நிறுத்தினாலும் ஒட்டிக்கொள்வார். ஒருத்தரும் நின்று படிக்கமாட்டார்கள். போலீஸ் வேலையில் சேர்ந்ததிலிருந்து பெரும்பாலும் சீருடை இல்லாமலேதான் காலம் தள்ளுகிறார். முக அமைப்பு அப்படி. கல்யாணமான புதிதில் சொந்த மாமியாரே கதவைத் திறந்து, "யாரு தம்பி வேணும்?" என்று கேட்டிருக்கிறார்.

இந்த முறை அவரை ஒட்டிவைத்த இடம் ஒரு சலூன். எதிர்ச்சாரியில் நாலு மாடி வீடு. அங்கே இருப்பவர் போலி மருந்து தயாரித்து ஊர் ஊராக அனுப்புகிறார் என்று தகவல். போஸ்டர் அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சலூன் கண்ணாடி வழியாக அதன் வாசலைப் பார்ப்பார். கண்ணாடியில் இடம் வலமாகிவிடும். முதல் நாள் அதை மறந்து, பின்தொடரக் காத்திருந்த போலீஸ் வண்டியை எதிர்த்திசையில் அனுப்பிவைத்த பெருமையும் அவருக்கு உண்டு.

"சார், இனி வெட்ட முடி இல்ல. வேணும்னா தலையைப் பிடிச்சு விடறேன்" என்றார் சலூன்காரர்.

"பிடி. ஆனா திருப்பிடாதே."

பக்கத்து நாற்காலியில் காது இருக்கும் என்பதால் அவர் குழுவுக்குள் இந்தத் தடவை எல்லாமே கல்யாண பாஷை. கண்காணிக்கப்படுகிறவர் மாப்பிள்ளை. கைது என்றால் கல்யாணம். "மாப்பிள்ளை வெளிய வந்துட்டாரு" என்று போனில் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. சிலர் வாழ்த்துகூடச் சொன்னார்கள். வீட்டிலும் அதே பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை மகள் துணி மடித்துக்கொண்டிருக்க, இவர் ஜன்னலோரம் நின்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "நல்ல இடந்தான் சார், நாலு மாடி. அக்கம்பக்கத்துலயும் விசாரிச்சாச்சு. வெள்ளிக்கிழமை கல்யாணத்தை முடிச்சிடலாம்."

மறுநாள் சலூன் கண்ணாடியில் வாசலுக்கு அருகே ஒரு சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை அதே ஹெல்மெட் அவர் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னால் வந்தது. அன்று சாயங்காலம் அவர் தெருமுனையிலேயே நின்றது.

ஊரையெல்லாம் வேவு பார்த்தவரை யாரோ வேவு பார்க்கிறார்கள். மருந்துக்காரன் ஆளாகத்தான் இருக்கும். வீடு தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாது. போனையும் வாங்கி வை" என்றார் மனைவியிடம்.

"ஏங்க, என்னாச்சு?"

"கேக்காதே. எல்லாம் அவ நல்லதுக்குத்தான்."

மகள் 'ஓ'வென்று அழுதுகொண்டு அறைக் கதவைச் சாத்தினாள். போனை மட்டும் கொடுக்கவில்லை. இந்த வயதில் வீட்டில் அடைத்தால் அழத்தானே செய்வாள் என்று நினைத்துக்கொண்டார். யாரைப் பார்த்தாலும் என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய மனிதர் அவர்.

புதன்கிழமை, பட்டப்பகலில், வேண்டுமென்றே ஒரு முட்டுச்சந்துக்குள் நடந்தார். ஹெல்மெட்டும் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது. போஸ்டர் சட்டென்று திரும்பிக் கழுத்துப் பட்டையைப் பிடித்தார்.

"யாருடா அனுப்பினது உன்னை?"

"உங்க பொண்ணு சார்."

பிடி தளர்ந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினான் பையன். இருபத்தைந்து வயசு இருக்கும், வேர்த்துக் கொட்டியிருந்தான். கையில் கிரீஸ் கறை.

"லிப்ட் ரிப்பேர் பண்றேன் சார். அவ வேலை பாக்குற கட்டடத்துலதான் பழக்கம். அவளுக்கு மாப்பிள்ளை முடிச்சிட்டீங்க, வெள்ளிக்கிழமை கல்யாணம்னு சொல்லி அழுதா. அந்த ஆள் யாருன்னு பாக்கலாம்னு உங்க பின்னாடியே வந்தேன். வீட்டையும் பாத்தேன். நாலு மாடி, வாசல்ல ரெண்டு காரு. நான் எங்க சார் போய் போட்டி போடறது?"

போஸ்டர் சந்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். மார்பில் நேற்றிலிருந்து உட்கார்ந்திருந்த கல்லை யாரோ தூக்கி எறிந்தமாதிரி இருந்தது. இதே சேதி போன வாரம் வந்திருந்தால் தாம்தூம் என்று குதித்திருப்பார். இப்போதோ, மகள் காதலிக்கிறாள் என்பதைவிட நல்ல சேதி உலகத்தில் இல்லை என்று பட்டது. சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.

"சிரிக்கிறீங்களே சார்?"

"பின்னாடி போறவன் சிவப்பு ஹெல்மெட்டாடா போடுவான்? ஒரு கிலோமீட்டர்லேர்ந்து தெரியுது."

"இது ஒண்ணுதான் சார் இருக்கு."

கேஸைப் பற்றி மூச்சு விட முடியாது. எனவே தோளில் தட்டி, "அந்த மாப்பிள்ளை நமக்குச் சரிப்பட மாட்டாருன்னு முடிவு பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி டிவி பாரு. அதுவரைக்கும் என் பின்னாடி வராதே, பொழப்பைக் கெடுத்துடுவே" என்றார்.

வெள்ளிக்கிழமை கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. நாலு மாடி வீடும் மாப்பிள்ளையும் செய்தியில் வந்தபோது மகள் முதலில் டிவியைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்ப லிப்ட்காரப் பையன் விஷயம்?" என்றாள் மனைவி சாவகாசமாக.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா தெரியும். தெருவுக்கே தெரியும். நீங்கதான் வீட்டுல இருந்தா கண்ணை மூடிட்டுத் தூங்கறீங்களே."

போஸ்டர் போனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். "சார், திங்கக்கிழமை லீவு வேணும். மாப்பிள்ளை வீட்டுக்கு வர்றாரு."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். "உன் வீட்டுக்கேவா? எந்தக் கேஸ்யா? நாலு பேரை அனுப்பட்டுமா?"

"வேணாம் சார். இது நிஜ மாப்பிள்ளை."