யன்னல் இல்லாத அறையை அப்படியே சொன்ன பிலோமினா அக்கா

பிலோமினா அக்கா போய்விட்டார் என்று எனக்கு முதலில் சொன்னது நம்மவர்களில் யாரும் அல்ல, லோர்ணா. கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் என் வீட்டு வாசலில் பனியை வழித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "உங்கள் அக்கா" என்று ஆங்கிலத்தில் தொடங்கிய லோர்ணா மேலே பேச முடியாமல் அழுதார். அவர் பிலிப்பைன்ஸ்காரர். யூனியன்வில்லில் ஒரு தமிழ் வீட்டில் வயதான அம்மா ஒருவரைப் பராமரிப்பவர். நமது வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி ஏறுவதற்கு முன்பே லோர்ணாவின் ஆட்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. மன்னாரில் பிறந்து விட்பியில் கண்மூடிய வேறு யாருக்கு இப்படியொரு பெருமை கிடைத்திருக்கிறது, சொல்லுங்கள்.

யூனியன்வில் மண்டபத்தில் மாதம் ஒரு முறை நாங்கள் நடத்திய படக்காட்சிக்கு வந்தவர்களுக்கு அக்காவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதியோர் கூடும் மண்டபம் அது. திரையில் பிலிப்பைன்ஸ் படம் ஓடும். கீழே ஓடும் ஆங்கில எழுத்தை வாசிக்க நமது பெரியவர்களுக்குக் கண்ணும் போதாது, பொறுமையும் போதாது. அதனால் நான் சத்தத்தைக் குறைத்து வைப்பேன், அக்கா ஒலிவாங்கியைப் பிடித்து ஒவ்வொரு வசனத்தையும் அந்தந்த நேரத்திலேயே தமிழில் சொல்லுவார். திரைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, திரைக்கு முதுகு காட்டிச் சனத்தைப் பார்த்தபடி இருப்பார். "படத்தை நான் வீட்டில பாத்திட்டன். இஞ்சை சனத்தைத்தான் பாக்கவேணும்" என்பார். குரலை மாற்றிப் பேசினால் இன்னும் நன்றாயிருக்குமே என்று ஒரு முறை கேட்டேன். "நான் நடிக்கமாட்டன் வனிதா. சொல்லுவன், அவ்வளவுதான்" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

முதல் காட்சியிலேயே ஒரு பெரியவர் எழுந்து சண்டைக்கு வந்தார். "எங்கட படம் ஒண்டும் கிடைக்கேல்லையே உங்களுக்கு?"

அக்கா அசரவில்லை. "உங்களைக் குளிக்க வாக்கிற பிள்ளையின்ர ஊரை ஒருக்காப் பாருங்கோ அண்ணை. அவ உங்கட முதுகு முழுக்கப் பாத்திட்டா" என்றார். மண்டபம் சிரித்து முடிய நேரமெடுத்தது. பெரியவர்களைக் கூட்டிவந்துவிட்டுப் பின்வரிசையில் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு அவர்கள் வெறுமனே இருக்கவில்லை. அக்கா எங்காவது பிசகினால் பின்னாலிருந்து லோர்ணா திருத்துவார். "லோர்ணா சொல்லுறா நான் பிழையாம்" என்று அக்கா ஒலிவாங்கியிலேயே அறிவித்துவிட்டு, சரியானதைச் சொல்லித் தொடர்வார்.

என்ன படங்கள் அவை! முழங்காலளவு வெள்ளத்துக்குள் நின்று பிறந்தநாள் கொண்டாடுவார்கள். வேட்பாளர் அரிசிப் பையைத் தந்து கைகுலுக்கிவிட்டுப் போவார், வெள்ளம் அப்படியே நிற்கும். பேய்ப்படத்தில்கூடப் பேய் வருவதற்கு முன் வெளிநாட்டிலிருந்து தாயின் அழைப்பு வந்துவிடும். இந்தப் படங்களைப் பார்ப்பதற்கு அக்கா ஒரு வழி சொல்லித் தந்திருந்தார். "கதாநாயகியைத் தேடாதேங்கோ. அந்த வீட்டில ஆர் இல்லையெண்டு பாருங்கோ. அவவின்ர கதைதான் படம்." ஒரு முறை, அப்பனும் மூன்று பிள்ளைகளும் பேச்சில்லாமல் சாப்பிடுகிற காட்சி முடிந்து விளக்கைப் போட்டதும், முதல் காட்சியில் சண்டைக்கு வந்த அதே பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "அப்ப அந்தத் தாய் எங்கட வீட்டிலையெல்லே நிக்கிறா." ஒரு சமூகத்தைப் பற்றிப் படம் சொல்வதென்றால் இதற்கு மேல் எதைச் சொல்லவேண்டும்? மணிலாவைப் பார்க்க வந்தவர்கள் யூனியன்வில்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்னொரு நாள், திரையில் ஒரு பெண் நெடுநேரம் விம்மி விம்மிப் பேசினாள். அக்கா ஒலிவாங்கியை மடியில் வைத்துவிட்டார். "என்ன சொல்லுறாள்?" என்று முன்வரிசை அன்ரி ஒருவர் பதறினார். "அழுறாள். உது உங்களுக்கு விளங்கும்தானே" என்றார் அக்கா. அழுகைக்கு அவர் தமிழ் சொன்னதே இல்லை.

பிலிப்பைன்ஸ் மொழியை அவர் இங்கே நேர்சிங் ஹோமில் தன்னோடு வேலை செய்த அந்நாட்டுப் பெண்களிடம் பழகினார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும்தான். ஒரு மாலை அவரை விட்பிக்குக் கொண்டுபோய் விடும்போது, நெடுஞ்சாலை நெரிசலில் கார் நின்ற இடத்தில் உண்மையைச் சொன்னார். கனடாவுக்கு வருவதற்கு முன் குவைத்தில் ஒரு வீட்டில் சமைத்து, துடைத்து, பிள்ளை வளர்த்திருக்கிறார். கூட நின்ற பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் பழகிய மொழி இது. ஊரில் அதைக் கம்பனி வேலை என்று சொல்லிவைத்திருந்தார்கள். "சனத்துக்குச் சொல்லிப்போடாதேயும். மகளின்ர மாமியாருக்குக்கூடத் தெரியாது. வேலைக்காரி எண்ட சொல்லை எங்கட ஆக்கள் மறக்கமாட்டினம்" என்றார். நான் சொல்லவில்லை. சொன்னது அவரேதான், அதுவும் ஒலிவாங்கியில்.

அன்றைய படத்தில் ஒரு பெண் குளிர்நாடு ஒன்றில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். நிலத்துக்குக் கீழே, பேஸ்மென்ற்றில் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுக்கிறாள். அந்த அறைக்கு யன்னல் இல்லை. மகன் காணொளியில் அழைப்பதற்கு முன், வெறும் சுவரில் ஒரு திரைச்சீலையைக் குத்திவிடுகிறாள். யன்னலைத் திறந்து காட்டச் சொல்லி மகன் கேட்கும்போது, "வெளியே மழை பெய்கிறது ராசா" என்கிறாள்.

முன்வரிசையில் எங்கள் முதியோர் சங்கத் தலைவர் இருந்தார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவருடைய அம்மா, அதற்குப் பின்னால் லோர்ணா. லோர்ணா வேலை செய்வது அந்த வீட்டில்தான், படுப்பது அந்த வீட்டு பேஸ்மென்ற்றில் என்பது பலருக்குத் தெரியும். தலைவர் கெட்டவர் அல்ல. மண்டபத்தை எடுத்துத் தந்ததே அவர்தான். அவர் மனம் மாறினால் காட்சியும் இல்லை.

"அக்கா, உந்த இடத்தை விட்டிட்டு அங்கால போங்கோ. படத்துக்கெண்டு கூட்டிச் சொல்லுறாங்கள்" என்றார்.

அக்கா கையை உயர்த்தினார். படத்தை நிறுத்தச் சொல்லி எனக்குக் காட்டும் சைகை அது. நிறுத்தினேன். இரண்டாவது வரிசையில் அக்காவுடைய மகளின் மாமியார் இருந்தார். அக்கா அவரையும் பார்த்தார், தலைவரையும் பார்த்தார்.

"கூட்டிச் சொல்லேல்லை அண்ணை. நான் குவைத்தில வீட்டு வேலை செய்தனான். நான் படுத்த அறையிலயும் யன்னல் இல்லை. யன்னலாலை கடல் தெரியுது எண்டு அம்மாவுக்கு எழுதினனான்." பிறகு என்னிடம், "போடும் வனிதா" என்றார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. விட்ட இடத்திலிருந்து, சுவர், திரைச்சீலை, மழை என்று ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தார்.

விளக்கைப் போட்டபோது யாரும் எழும்பவில்லை. தலைவரின் அம்மாதான் மண்டபத்துக்கே கேட்கும்படி மகனைக் கேட்டார்: "எடேய், எங்கட லோர்ணா படுக்கிற இடத்தில யன்னல் இருக்கோ?"

அடுத்த மாதமும் மண்டபம் கிடைத்தது. லோர்ணா மேல்மாடி அறைக்கு மாறியிருந்தார். அதைத் தலைவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை, அவருடைய அம்மா கண்டவர் எல்லோரிடமும் சொன்னார். மகளின் மாமியார் றோல்ஸ் பலகாரம் சுட்டுக்கொண்டு வந்து, வேறு எவருக்கும் கொடுக்காமல் முதல் தட்டை அக்காவிடம் நீட்டினார். நான் எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ வீரப் பேச்சுக்களைக் கேட்டவள். அன்றைக்கு அந்தக் கதிரையிலிருந்து வந்த நாலு வசனத்துக்கு அவை கால்தூசி பெறாது. அவருக்குப் பக்கத்தில் நின்று படம் ஓட்டியவள் நான் என்பதை இனி எங்கே போனாலும் சொல்லிக்கொள்வேன்.

அடக்கத் திருப்பலிக்குப் பிலிப்பைன்ஸ் பெண்கள் பின்வரிசைகளை நிறைத்திருந்தார்கள். சிலர் வேலை உடுப்போடே வந்திருந்தார்கள். நான் லோர்ணாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். முடிவில் மன்னாரிலிருந்து வந்த அக்காவின் தம்பி பேச எழுந்தார். லோர்ணா என் கையைத் தொட்டு, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். அதைச் சொல்லக்கூடியவர் முன்னால் பேழைக்குள் இருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வேலையைத்தான். எனக்கு அவர்களின் மொழி தெரியாது. தெரிந்த ஆங்கிலத்தில், தம்பி சொல்லச் சொல்ல, தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினேன். லோர்ணா அதைத் தன் மொழியில் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்.

"நத்தார்ப் பண்டிகைக்கு நாங்கள் எல்லாரும் புது உடுப்புப் போட்டு போட்டோ எடுப்பம்" என்றார் தம்பி. "அக்கா ஒண்டிலயும் இல்லை. அவ குவைத்தில. அந்த உடுப்பெல்லாம் அவ அனுப்பினது."

அதையும் சொன்னேன். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை, ஒலிவாங்கியைப் பிடித்தபடி அழுதார். லோர்ணா என் முகத்தைப் பார்த்தார். அழுகைக்கு நானும் ஆங்கிலம் சொல்லவில்லை.