மஞ்சள் மூக்கு ஆள்காட்டியும் ஒரு சிவப்புக் கொடியும்

கட்டடம் எழும்பப் போகிற இடத்துக்கு முன்கூட்டியே போய், அங்கிருக்கும் பறவைகளை எண்ணி அறிக்கை எழுதுவது என் தொழில்; உயிரோடு இருக்கும்போதே செய்யும் போஸ்ட்மார்ட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் படிக்காத அறிக்கையை ஒழுங்காக எழுதித் தொலைக்கும் பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

காலி மனை

முடிச்சூர் பக்கம் ஒரு வெட்டவெளி. புல், சரளை, அங்கொன்றும் இங்கொன்றுமாக முள்மரம். முதல் வருடம் அங்கே வானம்பாடிகள், கௌதாரிகள், மஞ்சள் மூக்கு ஆள்காட்டி இரண்டு ஜோடி பார்த்தேன். இந்த ஆள்காட்டி வெறுந்தரையில் சரளைக்கு நடுவே முட்டையிடும். சுற்றிலும் மறைப்பு இல்லாவிட்டால்தான் அதற்கு நிம்மதி, எதிரி வருவது தூரத்திலேயே தெரியும்.

படிவத்தில் 'நிலத்தின் வகை' என்ற கட்டத்தில் 'புல்வெளி' என்று எழுதினேன். எங்கள் மேனேஜர் அதை அடித்துவிட்டு 'தரிசு' என்று எழுதினார். ஏன் சார் என்று கேட்டேன்.

"ஜெஸி, புல்வெளின்னா ஊட்டியில இருக்கும். முடிச்சூர்ல இருக்கிறது காலி மனை."

பசுமை

அடுத்த வருடம் போனால், பாதி நிலத்தில் வரிசையாக மரக்கன்றுகள். பக்கத்துக் காலனிக்காரர்கள் நட்டது. முன்னின்று செய்தவர் சேலையூரில் எங்கள் சர்ச்சுக்கு வரும் ரிட்டயர்டு வாத்தியார். தினமும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். நல்ல மனுஷர், அதுதான் கஷ்டம்.

மரம் வளர்ந்தால் காக்கா உட்கார்ந்து தரையிலிருக்கும் முட்டையை நோட்டம் விடும், வானம்பாடி அந்தப் பக்கமே வராது என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மரம் நட்டா பறவை போயிடும்னு சொல்ற முதல் ஆள் நீங்கதாம்மா. சர்ச்சுல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

டோட்டல்

மூன்றாம் வருடம் ஒரு ஓரத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. புறா, காக்கா, மைனா எல்லாம் எக்கச்சக்கம். வானம்பாடி பூஜ்யம், கௌதாரி பூஜ்யம், ஆள்காட்டி ஒரே ஜோடி. நாவலூரில் பில்டரின் ஆபீஸில் மீட்டிங். கணக்கை மட்டும் காட்டினேன். எதிரே இருந்த இன்ஜினியர் கடைசி வரியை மட்டும் பார்த்தார்.

"டோட்டல் ஏறியிருக்கு இல்ல மேடம்? அப்புறம் என்ன ப்ராப்ளம்?"

கொடி

இந்த வருடம் மிச்ச நிலத்தையும் சமன்படுத்த ஆரம்பித்தார்கள். அந்த ஒரே ஜோடி நாலு முட்டை இட்டிருந்தது. இந்தத் தொழிலில் முதல் தடவையாக வாயைத் திறந்து கெஞ்சினேன். ஒரு மாதம் அந்த மூலையை மட்டும் விடுங்கள், குஞ்சு பொரித்த அன்றைக்கே நடந்து போய்விடும் என்றேன். சைட் சூப்பர்வைசர் சரியென்றார். மெஷின் தெரியாமல் ஏறிவிடக் கூடாதே என்று முட்டைகளுக்குப் பக்கத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை போனபோது சூப்பர்வைசரை வேறு சைட்டுக்கு மாற்றியிருந்தார்கள். நிலத்திலேயே வழவழவென்று இருந்தது அந்த மூலைதான். ஜேசிபி டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை.

"கொடி நட்டு கீதுக்கா. கொடி கீற எடத்துலருந்துதானே ஆரம்பிக்கணும்? எல்லா சைட்லயும் அப்டித்தான்."

அவர் மேல் தப்பே இல்லை.

வண்டி

ஜோடி இரண்டும் அந்த மண்ணுக்கு மேலே கத்திக்கொண்டே வட்டமடித்தன. நான் நின்ற இடத்திலேயே அழுதேன். எங்கள் வேன் டிரைவர் சேகர் அண்ணா வண்டியை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

"அது நம்மளத்தான் திட்டுது ஜெஸி. ஏறு, போலாம்."

ஆக, இந்தத் தொழிலில் எத்தனையோ பறவைகளை எண்ணி எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன், காப்பாற்றக் கிளம்பிய ஒன்றைத்தான் மெஷினுக்கு நானே காட்டிக்கொடுத்தேன்.