நான் நோ-பால் கொடுத்த கை

சுவிட்சர்லாந்தில், வின்டர்தூர்த் தமிழ்க் கழகத்தின் கிரிக்கெட் போட்டிகளுக்கு நான்தான் நடுவர். எங்கள் இளம் பந்துவீச்சாளன் ரூபன் முழங்கையை மடக்கிப் பந்தெறிந்ததால் ஒரே ஓவரில் ஐந்து நோ-பால் கொடுத்தேன். அதோடு நிற்காமல், "நீ மாங்காய்க்குக் கல்லெறியத்தான் சரி" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவன் பிறகு வரவேயில்லை.

ஆறு வருடம் கழித்து, அவன் பேஸ்பால் இறுதிப்போட்டியில் எறிவதாகக் கேள்விப்பட்டுப் பேர்ண் நகருக்குப் போனேன். அதே மடங்கிய முழங்கை; அங்கே அதுதான் முறை. எதிரணியின் கடைசி ஆட்டக்காரன் மூன்று முறை மட்டையைச் சுழற்றினான், ஒன்றுகூடப் படவில்லை; பேஸ்பாலில் மூன்று தவறினால் அவுட். கோப்பை ரூபனின் அணிக்கு! என்னையறியாமல், 'அவுட்' கொடுக்கும் சுட்டுவிரலை உயரத் தூக்கியிருந்தேன்.

அவன் வேலியருகே ஓடிவந்தான். "அண்ணை, அமெரிக்க அணியொண்டு என்னைச் சம்பளத்துக்கு எடுத்திட்டுது! ஆனா இந்த விரலுக்குத்தான் ஆறு வருசம் காத்திருந்தனான்."

அந்த ஐந்து நோ-பாலும் சரிதான். அதற்குப் பிறகு சொன்ன சொல்தான் என் பிழை.